வீட்டுல கட்டற காருக்கு ரிம் எடுக்கறதும் பின் சஸ்பென்ஷன் செட் பண்றதும்

ரிம் வாங்கக் கிளம்பறதுக்கு முன்னாடி நாலு தராசு ஏற்பாடு பண்ணுங்க. என்ர பட்டறைக்கு ஹப் (சக்கரம் மாட்டற குடம்) கடையறதுக்கும் பிராக்கெட் வெட்டறதுக்கும் வர்ற காலேஜ் தம்பிங்க எடுத்ததும் கேக்கறது, "அண்ணா, 15 இஞ்ச் போடலாமா, 16 போடலாமா?" வண்டி எத்தனை கிலோ, அதுல பின்னாடி எத்தனைன்னு திருப்பிக் கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவாங்க. எங்க அய்யன் திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிக்கு பாடி கட்டற பட்டறையில இருந்தவரு. எடை தெரியாம ஒரு பிளேட்டு கூட ஏத்த விடமாட்டாரு. லாரிக்குச் சொன்னதுதான் காருக்கும்.

நான் இங்க சொல்றது ஒரே மாதிரி வண்டியப் பத்தித்தான். அடிபட்டுக் கழிச்சுக்கட்டின ஸ்விஃப்ட் பெட்ரோல் ஒண்ண வாங்கி, அதோட முன்பக்க இன்ஜின், கியர்பாக்ஸ், ட்ரைவ் ஷாஃப்ட், ஹப் எல்லாத்தையும் அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னாடி வெச்சு, பைப் சேசிஸ் கட்டற வண்டி. என்ர வண்டியும் அதுதான். கோயமுத்தூர்ல இது புதுசில்லைங்க. ரேஸ்காரர் கரிவரதன் காலத்துல மாருதி 800 இன்ஜினப் பின்னாடி வெச்சு ஃபார்முலா மாருதிங்கற ஒத்தை சீட்டு ரேஸ் கார் கட்டி ஓட்டின ஊரு இது. செட்டிபாளையத்துல இருக்கற ட்ராக்குக்கு அவரு பேருதான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இந்த வண்டிய ரோட்டுல ஓட்டறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும், கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தின வண்டிக்கே இடம் தர்றதில்லை. நாமளா கட்டின வண்டிய என்னன்னு சொல்றது? ரெக்கவரி வண்டியில ஏத்தி ட்ராக்குக்குக் கொண்டு போங்க, அங்கயே ஓட்டுங்க.

எடை

ஈரோட்டுல மஞ்சள் மண்டி வெச்சிருக்கற சொந்தக்காரங்க இருந்தா ரொம்ப நல்லது. லீவு நாள்ல 300 கிலோ பிளாட்பாரம் தராசு நாலும் சும்மாதான் கிடக்கும். பொள்ளாச்சிப் பக்கம்னா தேங்கா மண்டியில கேளுங்க. நாலும் ஒரே மட்டத்துல இருக்கறதுதான் முக்கியம். மண்டிக் களத்துல வெச்சே போடலாம்னு நினைப்பீங்க. களம்னா தண்ணி ஓடறதுக்கு வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பாங்க. கொத்தனார் வெச்சிருக்கற டியூப் லெவல்ல மட்டம் பாத்து, தாழ்ந்த தராசுக்கு அடியில தகடு குடுத்து ஒசத்துங்க. டிரைவர் சீட்டுல ஆள் உக்காந்திருக்கணும், இல்லன்னா அதே எடைக்கு மூட்டை வைக்கணும். பெட்ரோல் பாதி டேங்க்.

என்ர வண்டிக்கு வந்தது: முன்னாடி இடது 128, வலது 126, பின்னாடி இடது 200, வலது 186. ஆக மொத்தம் 640 கிலோ, அதுல பின்னாடி 386. அதாவது நூத்துக்கு 60. இந்த நாலு நம்பரையும் பட்டறைச் சுவத்துல எழுதி வைங்க. டயர், ஸ்பிரிங், காத்து, எல்லாத்துக்கும் திரும்பத் திரும்ப இதைத்தான் பாக்கப் போறீங்க.

அப்பறம் சக்கரம், டயர், ஹப், டிஸ்க், காலிப்பர் (டிஸ்க்கக் கவ்வற பிரேக்), ஆர்ம்லயும் ட்ரைவ் ஷாஃப்ட்லயும் பாதி, இதெல்லாம் கழட்டித் தனியா ஒருக்கா எடை போடுங்க. ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்கற எடை இது. என்ர வண்டியில பின் சக்கரத்துக்கு 32 கிலோ. ஆக, ஸ்பிரிங் தாங்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு சராசரி 193-ல 32 போக, 160 கிலோன்னு வெச்சுக்கலாம்.

ரிம்

சும்மா அழகுக்காக 16, 17 போடாதீங்க. 640 கிலோ வண்டிக்கு 14 இஞ்ச் போதும். ஸ்விஃப்ட் டிஸ்க்கும் காலிப்பரும் 14-க்குள்ள உக்காரும். 13 போடலாமான்னு கேட்டா, காலிப்பர் இடிக்கும். ரிம் பெருசாக ஆகக் கனம் கூடும், கூடற கனம் எல்லாம் வெளி விளிம்புல போய் உக்காரும். கடையில எத்தனை சொன்னாலும் நீங்களே தராசுல வெச்சுப் பாத்து வாங்குங்க. பளபளன்னு இருக்கற நகல் அலாய் சிலது, கம்பெனி இரும்பு ரிம்ம விடக் கனமா இருக்குதுங்க.

ஸ்விஃப்ட் ஹப்புக்கு நாலு போல்ட், அதுங்க நிக்கற வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1, ஸ்டட் (நட்டு ஏர்ற போல்ட்) எம் 12, மரை இடைவெளி 1.25. மாருதி 800-க்கு வட்டம் 114.3, அது ஏறவே ஏறாது, அதனால பிரச்சினை இல்ல. பிரச்சினை பண்றது பழைய ஃபியட் பாலியோ, உனோ ரிம். அது 98. பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், நட்டை முறுக்கினா ஏறியும் போயிரும். ரெண்டு மி.மீ. தானேன்னு முறுக்கினா ஸ்டட் வளைஞ்சு நிக்கும், ரிம்மும் நடுவுல உக்காராது. ஹோண்டா ரிம் 100-தான், ஆனா நடு ஓட்டை 56.1. இடையில வளையம் போட்டுத்தான் ஆகணும். அந்த வளையத்த அலுமினியத்துல லேத்துல கடைஞ்சுக்கறது ஒரு டீ குடிக்கற நேர வேலை. ஹூண்டாய், ஹோண்டா நட்டுக்கு மரை 1.5, அத ஸ்விஃப்ட் ஸ்டட்டுல முறுக்காதீங்க, ரெண்டு சுத்துல மரை செத்துரும். நட்டோட வாயும் ரிம்மோட குழியும் ஒரே சாய்வா இருக்குதான்னு பாத்துக்கங்க. சிலது 60 டிகிரி கூம்பு, சிலது உருண்டை.

இனி ஆஃப்செட், அதாவது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து, ஹப்ல உக்கார்ற மூஞ்சி எத்தனை தள்ளியிருக்குதுங்கறது. இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க, ஆனா கணக்கு ஈஸி. 6 ஜே ரிம்னா டயர் உக்கார்ற அகலம்தான் 6 இஞ்ச். ரெண்டு பக்க விளிம்பையும் சேத்தா 7 இஞ்ச், அதாவது 178 மி.மீ. அதுல பாதி 89. ரிம்முக்குப் பின்னாடி ஈ.டி. 38-ன்னு (ஈ.டி.ன்னா ஆஃப்செட்) வார்ப்புல இருந்தா, 89-ஓட 38-ஐக் கூட்டுங்க, 127. ஹப் மூஞ்சியில இருந்து ரிம்மோட உள் விளிம்பு வரைக்கும் அத்தனை வரும். அதுக்கு மேல டயர் ஒரு 8 மி.மீ. பிதுங்கும். ஆக 135. இப்ப ஹப் மூஞ்சியில நேர்க்கட்டைய வெச்சு, உள்ளார இருக்கற முதல் தடங்கல் வரைக்கும் டேப் பிடிங்க. மேல ஒருக்கா, கீழ ஒருக்கா, முன்னாடி பின்னாடி ஒருக்கா. எங்கயும் 145-க்குக் குறையாம வரணும். ஆஃப்செட் நம்பர் குறையக் குறைய சக்கரம் வெளிய தள்ளும். பாக்கறதுக்கு எடுப்பா இருக்கும், ஆனா பேரிங்குக்கு நெம்புகோல் நீளுது. ஸ்பேசர் போட்டு வெளிய தள்ளறதும் அதே கதைதான், கூடவே ஸ்டட் மேல பாரம்.

உக்கடத்துல பழைய சாமான் கடைகள்ல ரிம் எடுக்கலாம், தப்பில்ல. ஆனா பெண்ட் எடுத்த ரிம், வெல்டிங் வெச்ச ரிம் வேண்டாம். பெயிண்ட் புதுசா இருந்தாலே எனக்குச் சந்தேகம். ஹப்ல மாட்டி டயல் கேஜ் வெச்சுச் சுத்துங்க, அரை மி.மீ.க்கு மேல ஆடினா திருப்பிக் குடுத்துருங்க. ஆரத்துக் கையில விரிசல் இருக்குதான்னு கண்ணுக்குத் தெரியாது. பவுண்டரிக்காரங்க யாரையாவது தெரிஞ்சா, டை பெனட்ரன்ட் அடிச்சுப் பாத்துத் தருவாங்க, சேப்பு மருந்து விரிசல்ல இருந்து கோடு கோடா எட்டிப் பாக்கும். அந்த வசதி இருக்கற ஊர்ல இருந்துக்கிட்டு அதைச் செய்யாம விடறது அநியாயம்.

டயர் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். ஸ்விஃப்டுல வர்ற 165/80 ஆர் 14-க்கு விட்டம் 620 மி.மீ. 185/60 ஆர் 14-க்கு 578. நூத்துக்கு ஏழு சின்னது. அதனால கியர் அத்தனைக்குச் சுருங்கி வண்டி துடிப்பா இழுக்கும், மீட்டர் கூடக் காட்டும். ட்ராக்குக்கு ரெண்டும் நல்லதுதான். எடையில நூத்துக்கு 60 பின்னாடி உக்கார்றதால நான் பின்னாடி 185/60, முன்னாடி 175/65 போட்டிருக்கேன். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் பாருங்க, 2224-ன்னா 2024-ஆம் வருஷம் 22-ஆவது வாரம். கடைக்காரர் தள்ளுபடி தர்றப்போ முதல்ல அதைப் பாக்கணும்.

பின்சக்கரம் தானாத் திரும்பறது

இதுதான் இந்த வண்டியில உசுரு போற விசயம், அதனால கொஞ்சம் நின்னு படிங்க.

முன்சக்கரமா இருந்ததப் பின்னாடி கொண்டு போறோம். அதுல ஸ்டியரிங் கை இருக்குது. அதை ஸ்டியரிங் ராக்குக்குப் பதிலா சேசிஸ்ல ஒரு கம்பியால கட்டிப் போடறோம். அந்தக் கம்பிதான் டோ லிங்க். கட்டிப் போட்டாச்சு, இனித் திரும்பாதுன்னு நினைச்சா, அதுதான் இல்ல. சக்கரம் மேல ஏறும்போது லோயர் ஆர்ம் (சக்கரத்தக் கீழ சேசிஸோட சேக்கற கை) ஒரு வட்டத்துல போகும், டோ லிங்க் இன்னொரு வட்டத்துல போகும். ரெண்டும் ஒத்துப் போகலன்னா, மேடு ஏறும்போதெல்லாம் சக்கரம் தானா உள்ளயோ வெளியயோ திரும்பும். வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கும்போது அது வெளிய திரும்பிச்சுன்னா வண்டி ஒரே சுத்து. காங்கேயம் சோடியில ஒரு காளை மட்டும் மேக்க இழுத்தா வண்டி என்ன ஆகும், அதே கதி.

அளக்கறது இப்படி. ஸ்பிரிங்கக் கழட்டிருங்க. டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மட்டும் இருக்கட்டும். சேசிஸ ஓட்டற உயரத்துல ஸ்டாண்டுல நிறுத்தி அசையாமக் கட்டுங்க. ஹப்ல ஒரு நேரான தகட்டப் போல்ட் பண்ணுங்க. அதோட முன் ஓரத்துக்கு ஒண்ணு, பின் ஓரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு டயல் கேஜ். கீழ ஜாக்கி வெச்சு 10 மி.மீ., 10 மி.மீ.யா ஏத்துங்க. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு கேஜுக்கும் வித்தியாசத்த நோட்டுல எழுதுங்க. நடு உயரத்துல இருந்து மேல 60, கீழ 50 வரைக்கும் போகணும்.

எழுதினத வரைஞ்சு பாத்தா அதுவே பதில் சொல்லும். மேல போனா ஒரு பக்கம் திரும்புது, கீழ போனா எதிர்ப்பக்கம் திரும்புதுன்னா, டோ லிங்கோட உள்முனை உயரம் தப்பு. வாஷர் குடுத்து ஏத்துங்க, இறக்குங்க. மேல போனாலும் கீழ போனாலும் ஒரே பக்கம் திரும்புதுன்னா, நீளம் தப்பு. உள்முனைப் பிராக்கெட்டத் தள்ளி வெட்டி ஒட்டணும். டோ லிங்க் லோயர் ஆர்ம் மட்டத்துலயே இருக்குதுன்னா, ரெண்டும் ஒரே நீளத்துக்கு, ஒண்ணுக்கொண்ணு இணையா இருந்தா வேலை பாதி முடிஞ்சது. அதனால அந்தப் பிராக்கெட்ட மட்டும் கடைசி வரைக்கும் முழுசா வெல்டிங் பண்ணாம, டேக் (புள்ளி வெல்டிங்) அடிச்சு நிறுத்தி வைங்க.

இன்னொண்ணு. ஸ்விஃப்டுல ஸ்டியரிங் கை ஆக்சிலுக்குப் பின்னாடி நிக்குது. வளைவுல தரை, வெளிப்பக்க டயர உள்ளுக்குத் தள்ளும். டோ லிங்குல ரப்பர் புஷ் இருந்தா அது அமுங்கி, சக்கரத்தோட பின்பக்கம் உள்ளே போகும், முன்பக்கம் வெளிய விரியும். நமக்கு வேண்டாததுதான் நடக்கும். அதனால டோ லிங்க் ரெண்டு முனையும் ராட் எண்ட் (இரும்புப் பந்து மூட்டு) போடுங்க, ரப்பர் கூடாது. லோயர் ஆர்ம்ல கம்பெனி ரப்பர் இருந்துட்டுப் போகட்டும், அது கொஞ்சம் அமுங்கினா சக்கரம் உள்பக்கம்தான் திரும்பும், அது நல்லது. ராட் எண்ட ரெண்டு பக்கமும் தகடு பிடிக்கற மாதிரி பிராக்கெட் பண்ணுங்க. ஒத்தைத் தகடுல தொங்க விடாதீங்க. பந்து கழண்டாலும் கம்பி கையோட வராம இருக்க, பெரிய வாஷர் ஒண்ணு.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட வண்டி தன் எடையில தரையில நிக்கும்போதுதான் இறுக்கணும். சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போது இறுக்கினா ரப்பர் எந்நேரமும் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும், உயரமும் பொய் சொல்லும். ஸ்பிரிங் இல்லாம இருக்கற இதே நேரத்துல, சக்கரத்த முழுசா மேலயும் கீழயும் ஆட்டி, ட்ரைவ் ஷாஃப்ட் உள்ள முட்டுதா, வெளிய கழண்டு வருதான்னும் பாத்துருங்க.

ஸ்பிரிங்

என்ர வண்டியில கம்பெனி ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) பிடிக்கற ரெண்டு போல்ட் ஓட்டையில ஒரு பிராக்கெட் போட்டு, மேல ஒரு ஆர்ம் குடுத்து, காயில் ஓவரச் (சுத்தியும் ஸ்பிரிங் இருக்கற டேம்பர்) சாச்சு வெச்சிருக்கேன். சக்கரம் 20 மி.மீ. ஏறினா ஸ்பிரிங் 14 மி.மீ. அமுங்குது. அதாவது 0.7. இத வரைபடத்துல இருந்து எடுக்காதீங்க, வண்டியில அளந்து எடுங்க.

ஸ்பிரிங் எத்தனை கெட்டின்னு முடிவு பண்ண, சக்கரம் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை ஆடணும்னு முதல்ல முடிவு பண்ணணும். வீட்டுக் காருங்க ஏறக்குறைய 1.2-ல இருந்து 1.5 ஹெர்ட்ஸ். ட்ராக்குக்கு, இறக்கை இல்லாத லேசான வண்டிக்கு, 1.8 நல்ல ஆரம்பம். கணக்கு: 0.0395-ஐ ஹெர்ட்ஸோட வர்க்கத்தால பெருக்கி, அத எடையால பெருக்குங்க. 1.8-க்கு வர்க்கம் 3.24, எடை 160. வர்றது 20.5. சக்கரத்துல மி.மீ.க்கு 20.5 நியூட்டன் வேணும். ஸ்பிரிங் சாஞ்சும் உள்ள தள்ளியும் இருக்கறதால, 0.7-ஓட வர்க்கமான 0.49-ஆல வகுக்கணும். ஏறத்தாழ 42. சும்மா 0.7-ஆல வகுத்தா 29-தான் வரும், வண்டி பம்ப் ஸ்டாப்ல (முழுசா அமுங்கினா முட்டற ரப்பர்) படுத்துக்கும். விசையும் மாறுது, தூரமும் மாறுது, அதனாலதான் ரெண்டு தடவை.

இந்த 42-ஐ ஸ்பிரிங் சுத்தறவங்ககிட்ட சொன்னாப் போதும்னு நினைக்காதீங்க. கம்பி எத்தனை, சுத்து எத்தனைன்னு நீங்க சொல்லணும். கம்பி விட்டத்த நாலு தடவை போட்டு அதோடயே பெருக்கி (10 x 10 x 10 x 10 மாதிரி), 78,500-ஆல பெருக்குங்க. அப்பறம் ஸ்பிரிங்கோட நடு விட்டத்த அதே மாதிரி மூணு தடவை போட்டுப் பெருக்கின நம்பர், எட்டு, வேலை செய்யற சுத்து, இந்த மூணையும் ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, வர்றதால அத வகுங்க. 10 மி.மீ. கம்பி, 72 மி.மீ. நடு விட்டம்னா வேலை செய்யற சுத்து ஆறேகால் வருது. ரெண்டு முனையும் மூடி அரைக்கறதுக்கு ரெண்டு சுத்து சேத்து எட்டேகால். முழு நீளம் 200 மி.மீ. கம்பி இல்லைன்னு 10-க்குப் பதிலா 10.5 போட்டுத் தர்றேன்னு சொல்லுவாங்க. அரை மி.மீ. தானேன்னு தலையாட்டிராதீங்க, கெட்டி நூத்துக்கு இருபதுக்கு மேல ஏறிப் போகும். ஸ்பிரிங் வந்ததும் பிரஸ்ல வெச்சு, அடியில தராசு குடுத்து, 20 மி.மீ. அமுக்கிப் பாருங்க. 840 நியூட்டன், அதாவது 86 கிலோ பக்கம் காட்டணும்.

டேம்பர்: பைக் மோனோஷாக்க வெச்சே முடிக்கலாம்னு நிறைய பேரு பாக்கறாங்க. பைக்ல அது வேலை செய்யற லீவர் வேற, எண்ணெய் வழி வேற. ஸ்பிரிங் மட்டும் மாத்திட்டா கெட்டியான ஸ்பிரிங்க அது அடக்காது, வண்டி துள்ளிட்டே போகும். ரீபவுண்ட் (அமுங்கின டேம்பர் திரும்ப நீள்றது) கிளிக் இருக்கற காயில் ஓவர் வாங்குங்க. முழுசாத் தளர்த்தி ஆரம்பிச்சு, மேடு தாண்டினதும் ஒரே ஆட்டத்துல அடங்கற வரைக்கும் ஒவ்வொரு கிளிக்கா ஏத்துங்க. அதுக்கு மேல ஏத்தினா, அடுத்தடுத்த மேட்டுல சக்கரம் இறங்கறதுக்குள்ள திரும்ப அமுங்கி வண்டி தாழ்ந்துக்கிட்டே போகும்.

மட்டம் பிடிக்கறது

மறுபடி தராசு. ஸ்பிரிங் சீட்ட (ஸ்பிரிங் உக்கார்ற மரை வளையம்) ஒரு மூலையில ஏத்தினா அந்த மூலையிலயும் குறுக்கால இருக்கற மூலையிலயும் எடை கூடும், மத்த ரெண்டுலயும் குறையும். மேல சொன்ன நம்பர்ல வலது முன்னாடி 126-ம் இடது பின்னாடி 200-ம் கூட்டினா 326. 640-ல நூத்துக்கு 50.9. அரைக்கு அரைன்னு கொண்டு வர, இடது பின் சீட்ட ரெண்டு மரை இறக்கி, வண்டிய நல்லா அமுக்கி விட்டு, திரும்பப் பாருங்க. ஆண்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயறதக் குறைக்கற கம்பி) இருந்தா ஒரு பக்கம் கழட்டி விட்டுட்டுத்தான் இதைச் செய்யணும்.

டோவுக்கு (சக்கரம் உள்ளயோ வெளியயோ பாக்கற அளவு) லேசர் வேண்டாம். நைலான் நூலு ரெண்டு பக்கமும், வண்டியோட நடுக்கோட்டுக்கு இணையா, ஹப் உயரத்துல கட்டுங்க. ரிம்மோட முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூல்ல இருந்து அளவெடுங்க. பின்சக்கரம் ஒவ்வொண்ணும் 1 மி.மீ. உள்பக்கம் பாக்கணும். வெளிப்பக்கம் கால் மி.மீ. கூட வேண்டாம். காம்பருக்கு (சக்கரத்தோட மேல்பக்கம் சாயற அளவு) தூக்குக்குண்டு. 400 மி.மீ. உயரத்துல 7 மி.மீ. வித்தியாசம்னா ஒரு டிகிரி. பின்னாடி மேல்பக்கம் உள்ளே சாஞ்சு ஒன்றரை டிகிரியில ஆரம்பிங்க. சக்கரத்துக்கு அடியில ரெண்டு தகடு, நடுவுல கிரீஸ் தடவி வெச்சா, ஒவ்வொரு தடவையும் வண்டிய உருட்டி உக்கார வைக்கற வேலை மிச்சம்.

ட்ராக்ல

காத்து 24-ல ஆரம்பிங்க. வீட்டுக் காருக்கு 30 அடிக்கறோம்னு இதுக்கும் அடிச்சா டயர் நடுவுல மட்டும்தான் தரையத் தொடும். ஓட்டி வந்ததும் உடனே டயரோட உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூணு இடத்துலயும் சூடு பாருங்க. நடு மட்டும் சூடுன்னா காத்து ஜாஸ்தி. உள்பக்கம் ரொம்பச் சூடுன்னா காம்பர் ஜாஸ்தி.

வளைவுல நுழையும்போதே பின்னாடி ஆடுதுன்னா முதல்ல பிரேக்கப் பாருங்க, ஸ்பிரிங்க இல்ல. முன்சக்கரத்தோட பெரிய பிரேக்கப் பின்னாடி கொண்டு வந்திருக்கோம், பேலன்ஸ் பார்ல (முன், பின் பிரேக்குக்கு விசையப் பிரிக்கற கம்பி) முன்னாடிக்கு அதிகம் குடுக்கலன்னா பின்சக்கரம் பூட்டிக்கும். அதுக்கப்பறமும் ஆடினா ரீபவுண்டக் குறைங்க. வளைவுக்கு நடுவுல வழுக்குதுன்னா, முன்னாடி ஆண்டி ரோல் பாரைக் கெட்டியாக்குங்க, இல்ல பின் ஸ்பிரிங்க இளக்குங்க. வெளிய வரும்போது ஆக்சிலரேட்டர் குடுத்தா மட்டும் வழுக்குதுன்னா, பின்னாடி பம்ப் ஸ்டாப்ல உக்காருதான்னு பாருங்க. டேம்பர் ராடுல ஒரு சின்ன கேபிள் டை கட்டி விட்டா, எத்தனை தூரம் அமுங்குச்சுன்னு அது காட்டிக் குடுத்துரும். ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும். கூட வர்ற மச்சானுங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நோட்டுல எழுதறவரு ஒருத்தரா இருக்கட்டும்.

முதல் நாலு சுத்து முடிஞ்சதும் உள்ள கொண்டு வந்து, சக்கர நட்டை டார்க் ரெஞ்சுல திரும்பப் பாருங்க. ஸ்விஃப்ட் வருஷத்தப் பொறுத்து 85-ல இருந்து 100 நியூட்டன் மீட்டர், உங்க மேனுவல்ல பாத்துக்கங்க. அலாய்னா ரிம் சூடாறின பிறகு பாக்கணும். டோ லிங்க் லாக் நட்டுல முன்னாடியே மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தா, அது விலகியிருக்குதான்னு குனிஞ்சு பாத்தாலே தெரியும். விலகியிருந்தா அன்னிக்கு வண்டிய ரெக்கவரியில ஏத்திருங்க.